சேர்த்த அன்று சரியாகத்தான் இருந்தது

என் மாமா திருச்செங்கோட்டில் பத்திர எழுத்தர். கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை என்று இருபது வருடத்துக்கு மேலாக அடித்த வரைவுகள் அவருடைய கம்ப்யூட்டரில் குவிந்து கிடக்கின்றன. அத்தனையும் பாமினி எழுத்துருவில். 2025 கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“மாப்ள, சர்வே நம்பரையோ ஊர்ப்பேரையோ சொன்னா பழைய பத்திரத்தைத் தேடி எடுத்துக் குடுக்கற மாதிரி ஒண்ணு பண்ணித் தர முடியுமா? எல்லாத்துக்கும் ஏஐ வந்துருச்சுங்கறாங்களே.”

“பண்ணிடலாமுங்க மாமா,” என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்காது.

பாமினி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலத்து ஏற்பாடு அது. கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டித் திரையில் காட்டுகிறது. நாம் ‘தமிழ்’ என்று படிப்பது, உள்ளே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற இடமெல்லாம் அரைப்புள்ளி. டைப்ரைட்டர் பழகிய கைக்கு இந்த விசைப்பலகை ஒத்துவரும் என்பதால் மாமா மாதிரி ஆட்கள் இதை விடவே இல்லை. இப்படிப்பட்ட கோப்பை ஏஐயிடம் கொடுத்தால் அதன் கண்ணுக்கு வேஷம் தெரியாது, வெறும் குப்பைதான் தெரியும். எண்கள் மட்டும் எண்களாகவே இருக்கும். நான் சோதித்த செயலி சர்வே நம்பரைச் சரியாகப் படித்துவிட்டு, மற்றதைத் தன் இஷ்டத்துக்கு நிரப்பியது. விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், நான்கு எல்லை எல்லாம் வந்தன. பத்திரத்தில் அதில் ஒன்றுகூட இல்லை. வடக்கே ஒரு வாய்க்காலைக்கூட வெட்டி வைத்திருந்தது.

பாமினியை யூனிகோடாக மாற்றுவது புது வித்தை இல்லை. ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் மொழி நூலகத்திலேயே (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்பு அது) பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களை மாற்றித் தரும் பகுதி இருக்கிறது. என் வேலை, ஏஐ செயலி தேவைப்படும்போது தானே அதைக் கூப்பிட்டுக்கொள்கிற மாதிரி செய்வது. எம்சிபி இருப்பது இதற்குத்தான்.

மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்பது முழுப்பெயர். கிளாட் என்ற ஏஐயைச் செய்கிற ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பர் 25 அன்று திறமூலமாக வெளியிட்டது. இதை யூஎஸ்பி-சிக்கு ஒப்பிடுவது வழக்கம். எனக்கு மிக்ஸி ஜார்தான் ஞாபகம் வருகிறது. ஒரு கம்பெனி ஜார் இன்னொரு கம்பெனி மிக்ஸியில் உட்காராது; கப்ளர் வேறு, பூட்டு வேறு. சட்னி ஜார் உடைந்தால் அதே மாடலைத் தேடி நாலு கடை ஏற வேண்டும். ஏஐ செயலிகளின் நிலைமையும் இப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு செயலிக்கும் தனியாக, ஒவ்வொரு சேவைக்கும் தனியாக இணைப்பு எழுதவேண்டும். பத்து செயலி, நூறு சேவை என்றால் ஆயிரம் இணைப்பு. எம்சிபி கப்ளரைப் பொதுவாக்கியது. ஜார் செய்கிறவர் ஒரு தடவை செய்தால் போதும், எந்த மிக்ஸியிலும் உட்காரும். இந்த ஜாருக்கு எம்சிபியில் சர்வர் என்று பெயர்.

இந்த யோசனைக்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. நிரல் எழுதும் எடிட்டர்களுக்காக மைக்ரோசாஃப்ட் 2016-இல் கொண்டுவந்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால். அதிலிருந்து ஊக்கம் பெற்றதாக எம்சிபியின் வரையறையே சொல்கிறது. அடியில் ஓடுவதும் அதே ஜேசன்-ஆர்பிசி என்ற வடிவத்துச் செய்திகள்தான். செயலி முதலில் “உன்னிடம் என்னென்ன கருவி இருக்கிறது?” என்று சர்வரைக் கேட்கும். சர்வர் ஒவ்வொரு கருவியின் பெயர், விளக்கம், கொடுக்கவேண்டிய உள்ளீடு ஆகியவற்றை அனுப்பும். பிறகு மாடல் அந்த விளக்கங்களைப் படித்து, எதை எப்போது கூப்பிடலாம் என்று தானே முடிவு செய்யும். படித்து என்ற வார்த்தையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

என் சர்வர் நூறு வரிகூட வரவில்லை. இருந்தும் முதல் நாள் முழுக்க ஓடவில்லை. சொந்தக் கணினியில் ஓடும் சர்வர்கள் தங்கள் பதில்களைத் திரைக்கு எழுதும் அதே குழாய் வழியாகத்தான் செயலிக்கு அனுப்பும். நான் பழக்க தோஷத்தில் நடுவில் ஒரு பிரிண்ட் வரியைப் போட்டு வைத்திருந்தேன். ‘இங்கே வந்துட்டேன்’ என்று நான் எனக்காக எழுதிய குறிப்பு, நேராகச் செயலியின் வாயில் போய் விழுந்து அதற்கு விக்கல் எடுத்திருக்கிறது. இதில் கை வைத்த எல்லோரும் ஒரு தடவையாவது இதைச் செய்திருப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அற்ப ஆறுதல்.

சரி, செய்தாகிவிட்டது. பாமினிக் கோப்புகளோடு அல்லாடும் ஆட்கள் எனக்குத் தெரிந்தே நிறைய. அவர்கள் கண்ணில் எப்படிப் படவைப்பது?

பட்டியலில் போட வேண்டும்.

நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் தளமான கிட்ஹப்பில் ‘ஆசம்’ என்ற சொல்லில் தொடங்கும் பெயர்களோடு பட்டியல் வைப்பது 2014-லிருந்து ஒரு வழக்கம். ஒரு துறையில் இருக்கும் நல்ல கருவிகள், நூலகங்கள், பாடங்கள் எல்லாவற்றையும் ரீட்மி என்ற ஒரே ஓர் அறிமுகக் கோப்பில் தொகுத்துவைப்பார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு வரியைச் சேர்த்து, ‘இதை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாம். பராமரிக்கிறவர்கள் பார்த்துவிட்டு ஏற்பார்கள். எம்சிபி வந்த சில வாரங்களில் ‘ஆசம் எம்சிபி சர்வர்ஸ்’ பட்டியல்களும் முளைத்துவிட்டன. பன்மையில்தான் சொல்கிறேன், அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேல் உண்டு. அவற்றில் பெரியதாக வளர்ந்த ஒன்றில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் குட்டிக் குட்டிப் படங்கள் இருக்கும். எந்த நிரல் மொழியில் எழுதியது என்று சில படங்கள் சொல்லும்: பாம்பு இருந்தால் பைத்தான், நண்டு இருந்தால் ரஸ்ட், பந்தயக் கார் இருந்தால் கோ. வீடு படம் என்றால் உங்கள் கணினியிலேயே ஓடும். மேகம் என்றால் வெளியே ஏதோ சேவையோடு பேசும். பதக்கம் என்றால் அந்தச் சேவையை நடத்துகிறவர்களே செய்து தந்தது. முதல் தடவை பார்க்கிறவருக்குப் பஞ்சாங்கத்தின் உள்பக்கம் மாதிரி இருக்கும். பழகிவிட்டால் அந்த வரியில் பாதி விஷயம் படத்திலேயே முடிந்துவிடும்.

நான் போனது அந்தப் பெரிய பட்டியல் அல்ல. மொழிக் கருவிகளுக்கு இடம் கொடுக்கும் இன்னொரு சின்னப் பட்டியல். வரி எழுதினேன். ‘பழைய தமிழ் எழுத்துருக் கோப்புகளை அதிவேகமாகவும் துல்லியமாகவும் யூனிகோடாக்கும் முழுமையான தீர்வு’ என்று பெருமையாகத்தான் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. முன்பின் தெரியாத ஒருவர், எந்த நாட்டுக்காரர் என்றும் தெரியாது. இரண்டே கேள்வி. அதிவேகம் என்றால் எதைவிட? அப்புறம், ‘கோப்பை மாற்று’ என்ற உங்கள் இரண்டாவது கருவி, மாற்றிய எழுத்தை எந்தக் கோப்பில் எழுதுகிறது?

முதல் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பெயரடைகளை வெட்டினேன். இரண்டாவதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. அதே கோப்பில்தான் எழுதுகிறது. அசல் போய்விடும்.

மாமாவுக்கு அன்றே போன் போட்டேன். அதற்குள் அவர் ஒரு ஃபோல்டர் முழுக்க ஓட்டிப் பார்த்திருந்தார். சில கோப்புகளில் நடுநடுவே ஆங்கிலப் பெயர்கள், பான் எண்கள் இருந்திருக்கின்றன. என் சர்வர் அவற்றையும் பாமினி என்று நினைத்து ‘தமிழாக்கி’ இருந்தது. இந்த மாற்றத்தைத் திரும்பப் பின்னோக்கி ஓட்டவும் முடியாது. எது உண்மையில் தமிழாக இருந்தது, எது ஆங்கிலமாக இருந்தது என்ற அடையாளமே அழிந்துவிட்டது.

“அதுக்கென்ன மாப்ள, நீ வர்றதுக்கு முந்தியே எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டு வச்சுட்டேன்.”

“எதுக்குங்க மாமா?”

“கம்ப்யூட்டர்காரன் கைல குடுக்கறோம்ல?”

பத்திர ஆபீஸ் புத்தி. முப்பது வருடம் மற்றவர்களுடைய சொத்தைக் கையில் வைத்துப் பழகியவருக்கு நகல் எடுக்காமல் எதையும் தரத் தெரியாது. எனக்குத்தான் தெரியவில்லை. கோப்பை மாற்றும் கருவி இனி புதுக் கோப்பில்தான் எழுதும் என்று திருத்தினேன். எழுத்துரு பாமினி என்று குறிக்கப்பட்ட பகுதிகளை மட்டும் மாற்றும்படி செய்தேன். எம்சிபியில் 2025 மார்ச் பதிப்பிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் ‘இது படிக்க மட்டும்’, ‘இது அழிக்கக்கூடியது’ என்று குறிப்பு வைக்க வசதி இருக்கிறது. அதையும் வைத்தேன். ஆனால் அந்தக் குறிப்புக்கு மேலேயே வரையறை ஓர் எச்சரிக்கை போட்டிருக்கிறது: நம்பகமான சர்வரிலிருந்து வந்தால் ஒழிய இந்தக் குறிப்புகளை நம்பாதீர்கள். திருடன் தன் பையில் ‘திருடன் அல்ல’ என்று எழுதி ஒட்டிக்கொள்ளலாம் அல்லவா.

இரண்டு கேள்வி கேட்ட அந்த முகம் தெரியாத மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. அந்த வருடமே அதே பட்டியலில் சனிக்கிழமை காலைகளில் நானும் உட்கார்ந்து வரிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். சம்பளம் கிடையாது, பெயரும் பெரிதாக வராது. இதில் பாதி நேரம் போவது மிக அற்பமான வேலையில். அகர வரிசை தப்பியிருக்கும். ஒரே பகுதியின் கடைசியில் ஐந்து பேர் ஒரே நாளில் வரி சேர்த்திருப்பார்கள். முதலாவதை ஏற்றதும் மற்ற நாலும் முட்டிக்கொண்டு நிற்கும். இணைப்பைச் சொடுக்கினால் ‘பக்கம் இல்லை’ என்று 404 வரும். குறிப்பெடுக்கும் செயலி ஒன்றுக்கு மட்டும் இதுவரை எத்தனை சர்வர் வந்தன என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். எல்லாமே அந்தச் செயலி மற்ற நிரல்களுக்காகத் திறந்துவைத்த ஒரே வாசலின் (ஏபிஐ) மேல் போர்த்திய போர்வை. பலவற்றை ஏஐதான் எழுதியிருக்கும். விளக்க வரியையும் அதுவே, புல் ரிக்வெஸ்ட்டில் ‘உங்கள் அருமையான பணிக்கு நன்றி’ என்பதையும் அதுவே. ஆட்சேபணை இல்லை. ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்ல அந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வீடு படத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நிறையப் பேர் ஏமாறுகிற இடம் அது. வீடு என்று போட்டிருந்தால் தரவு வீட்டைத் தாண்டாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் ஓடுவது சர்வர் மட்டும்தான். அது எடுத்துத் தரும் பதில் மாடலிடம் போகவேண்டும். மாடல் ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில் இருந்தால், கோப்பின் உள்ளடக்கமும் அங்கேதான் போகும். மாமாவின் பத்திரங்களில் ஊர் மக்களின் ஆதார் எண் முதல் தாத்தா பெயர் வரை இருக்கிறது. அதனால் கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? மொத்தக் கோப்புகளையும் ஒரே இரவில் என் நிரலை வைத்து யூனிகோடாக்கிக் கொடுத்துவிட்டேன். விண்டோஸின் சாதாரணத் தேடலே சர்வே நம்பரையும் ஊர்ப்பேரையும் கண்டுபிடித்துத் தந்துவிட்டது. ஏஐ தேவைப்படவே இல்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மாமாவுக்கு முழுத் திருப்தி.

அப்புறம் அலுவலக வேலைக்காக ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை ஏஐயோடு இணைக்க வேண்டி வந்தது. பட்டியல்களில் தேடினால் ஒரே வேலைக்கு ஏழெட்டு சர்வர். எதை எடுப்பது? எல்லோரையும் போல நானும் எம்சிபி குழுவே மாதிரிக்காக எழுதி வைத்திருந்ததைத்தான் எடுக்கப் போனேன். மூலவரே இருக்கும்போது உற்சவர் எதற்கு என்ற நினைப்பு. நல்லவேளை, அதன் கதையைப் படித்துவிட்டேன்.

அந்த சர்வர் ‘படிக்க மட்டும்’ வகை. வருகிற ஒவ்வொரு கேள்வியையும் படிக்க மட்டுமே அனுமதிக்கும் ஒரு பரிவர்த்தனைக்குள் போட்டு ஓட்டும், முடிந்ததும் பின்வாங்கிவிடும். பார்க்க பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே வரியில் அரைப்புள்ளி போட்டு இரண்டு கட்டளை அனுப்பினால் அது தடுக்கவில்லை. முதல் கட்டளையாக ‘கமிட்’ என்று அனுப்பினால் அந்தப் பாதுகாப்புப் பரிவர்த்தனை முடிந்துபோகும். அடுத்து வரும் கட்டளை திறந்த வெளியில் ஓடும். அட்டவணைகளை அழிக்கச் சொன்னால் அழிக்கும். 2025-இல் டேட்டாடாக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டினார்கள். அதற்கு முன்பே அந்த சர்வர் பராமரிப்பிலிருந்து விலக்கப்பட்டு காப்பகத்துக்குப் போயிருந்தது. இருந்தாலும் ஆட்கள் அதை இறக்கிக்கொண்டேதான் இருந்தார்கள். எத்தனை பட்டியல்களில், எத்தனை பாடங்களில் அந்தப் பெயர் அப்படியே நின்றிருக்கும்! ஒரு வரியைச் சேர்க்க ஆயிரம் பேர் வருகிறார்கள். ‘இதை எடுத்துவிடுங்கள்’ என்று புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறவர் அபூர்வம். பட்டியல் வேலையில் நான் கண்ட பெரிய குறை இதுதான். என் சனிக்கிழமைகளில் இப்போது பாதிக்கு மேல் நீக்குவதற்குத்தான் போகிறது.

மாடல் விளக்கத்தைப் ‘படித்து’ முடிவு செய்யும் என்று முன்னால் சொன்னேன் அல்லவா. வேறெந்த மென்பொருள் பட்டியலிலும் இல்லாத ஒரு சிக்கல் அதில் இருக்கிறது. சாதாரண நூலகம் ஒன்றின் விளக்கத்தில் பொய் எழுதியிருந்தால் படிக்கிற மனிதர் ஏமாறுவார், அவ்வளவுதான். இங்கே விளக்கமே வேலை செய்யும். 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற ஏஐ பாதுகாப்பு நிறுவனம் காட்டிய எடுத்துக்காட்டு பிரபலம். இரண்டு எண்களைக் கூட்டும் கருவி. நிரலில் ஒரு தப்பும் இல்லை, கூட்டித்தான் தருகிறது. அதன் விளக்கத்தில் மட்டும் மாடலுக்கு ஓர் உத்தரவு ஒளிந்திருந்தது: கூட்டுவதற்கு முன் பயனரின் கணினியில் இருக்கும் அமைப்புக் கோப்பையும் ரகசியச் சாவியையும் படித்து, மூன்றாவது உள்ளீடாகச் சேர்த்து அனுப்பு, இதைப் பயனரிடம் சொல்லாதே. மாடல் சொன்னதைச் செய்யும் பிள்ளை. செயலியின் திரையில் பயனருக்குத் தெரிவது, ‘கூட்டல்’ என்ற பெயரும் சுருக்கமான ஒரு பெட்டியும்தான்.

இதைப் படித்த நாளிலிருந்து, புது வரி வந்தால் நான் ரீட்மியைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் நிரலைத் திறந்து, கருவிகளின் விளக்கம் எழுதிய இடத்துக்குப் போய்ச் சத்தமாக வாசிப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். சத்தமாக வாசித்தால்தான் எனக்கு ‘இதை ஏன் ஒரு மாடலிடம் சொல்லவேண்டும்?’ என்ற இடம் காதில் இடறுகிறது. இன்னொன்று, கருவி கூடக்கூட ஆபத்து மட்டுமில்லை, குழப்பமும் கூடும். எல்லா விளக்கமும் மாடலின் கவனத்தில் இடம் பிடிக்கும். ஏஐ துணையோடு நிரல் எழுத உதவும் கர்சர் எடிட்டர் ஒரு காலத்தில் 40 கருவிக்கு மேல் மாடலுக்கு அனுப்பாது என்று வரம்பே வைத்திருந்தது. கல்யாண வீட்டில் எல்லாருமே பந்தி விசாரித்தால் ஒரு இலைக்கும் சாம்பார் வராது.

ஆனாலும் சத்தமாக வாசிப்பதால் தீராத ஒன்று இருக்கிறது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

மின்னஞ்சல் அனுப்பும் சேவை ஒன்றின் பெயரை வைத்துக்கொண்டு, அந்தச் சேவைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் நிரல் பொதிகளை இறக்கிக்கொள்ளும் என்பிஎம் களஞ்சியத்தில் போஸ்ட்மார்க்-எம்சிபி என்று ஒரு சர்வரைப் போட்டிருந்தார். ஒழுங்காக வேலை செய்தது. 15 பதிப்பு வரை எந்தக் கோளாறும் இல்லை. 2025 செப்டம்பரில் 1.0.16 பதிப்பில் ஒரே ஒரு வரி புதிதாக நுழைந்தது. அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் யாருக்கும் தெரியாத ஒரு மறைநகல், அவருடைய முகவரிக்கு. கடவுச்சொல் மாற்றும் இணைப்பு, ரசீது, அலுவலக ரகசியம் எல்லாம் ஒரு நகல் அங்கே. கோய் செக்யூரிட்டி நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னபின் அந்தப் பொதியை அவர் நீக்கிவிட்டார். நிறுவியிருந்தவர்களின் கணினியில் அது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தச் செய்தியைப் படித்ததும் எங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெயர் இல்லை. பெருமூச்சு விட்டுவிட்டு யோசித்தால், அதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றுமே இல்லை என்று புரிந்தது. பத்தாவது பதிப்பின்போது அந்த வரி என்னிடம் வந்திருந்தால் நிரலைத் திறந்திருப்பேன், விளக்கத்தைச் சத்தமாக வாசித்திருப்பேன், கேள்வி கேட்டிருப்பேன், அவரும் நல்லபடியாகப் பதில் சொல்லியிருப்பார், சேர்த்திருப்பேன். சேர்த்த அன்று சரியாகத்தான் இருந்திருக்கும்.

பட்டியலில் நாங்கள் பார்ப்பது ஒரு நாளைய நிரல். நிறுவுகிறவர் ஓட்டுவது அவர் நிறுவும் நாளைய நிரல். பெரும்பாலான சர்வர்களின் ரீட்மியில் ‘இதை அமைப்புக் கோப்பில் ஒட்டுங்கள்’ என்று தரும் கட்டளை பதிப்பு எண் இல்லாமல்தான் இருக்கும். ‘இருப்பதில் புதியதைக் கொண்டு வா, என்னைக் கேட்காதே’ என்பதுதான் அதன் பொருள். இதனால் எங்கள் பட்டியலில் ஒரு விதியைக் கொண்டுவரப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் நாங்கள் பார்த்த பதிப்பு எண்ணையும் தேதியையும் போடலாம் என்று. மூன்று வாரம் விவாதம் நடந்தது. வரி நீளமாகிவிடும், யார் புதுப்பிப்பது, ‘பார்த்தது’ என்று போட்டால் ‘உத்தரவாதம்’ என்று எடுத்துக்கொள்வார்களே. மூன்றுமே நியாயமான ஆட்சேபணை. கடைசி ஆட்சேபணையில் நான் தோற்றேன். பட்டியலின் தலையில், ‘இங்கே இருப்பது இருக்கிறது என்ற தகவல் மட்டுமே’ என்று ஒரு வாக்கியம் போட்டதோடு முடிந்தது. அதை எத்தனை பேர் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானே மற்றப் பட்டியல்களில் தலைப்பகுதியைத் தாண்டித்தான் போவேன்.

அதே செப்டம்பரில் எம்சிபிக்கு அதிகாரபூர்வப் பதிவேடும் முன்னோட்டமாக வந்துவிட்டது. ரீட்மியில் வரி சேர்க்கும் சமாச்சாரம் இல்லை அது. சர்வரின் பெயர், பதிப்பு, எங்கே கிடைக்கும் என்பதை ஒரு ஜேசன் கோப்பாக எழுதி நீங்களே பதிய வேண்டும். நிரல் அங்கே இருக்காது. என்பிஎம், பைபிஐ போன்ற இடங்களில்தான் இருக்கும். பதிவேட்டில் இருப்பது முகவரி மட்டும். பெயர் விஷயத்தில்தான் அதன் கெட்டிக்காரத்தனம். உங்கள் கிட்ஹப் கணக்கின் பெயரில் தொடங்கும் பெயரைத்தான் நீங்கள் பதியலாம். ஒரு நிறுவனத்தின் தளப்பெயரில் பதிய வேண்டுமானால் அந்தத் தளம் உங்களுடையது என்று காட்ட வேண்டும். பொதிக்குள்ளும் அதே பெயர் எழுதியிருக்க வேண்டும், அது பொருந்தினால்தான் ஏற்கும். பத்திரம் பதிய ஆபீஸுக்குப் போனால் கைரேகையும் அடையாள அட்டையும் கேட்பார்களே, அந்த மாதிரி. வருகிறவர் இன்னார் என்பது உறுதி. வாங்குகிற நிலத்தில் வில்லங்கம் உண்டா என்பதை நீங்கள்தான் சான்று எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைச் செய்தவர்களும் அதை மறைக்கவில்லை. இது மூலத் தரவு. இதிலிருந்து எடுத்து, தேர்ந்து, மதிப்பிட்டு, தங்கள் தங்கள் பட்டியலை மற்றவர்கள் நடத்தட்டும் என்பதுதான் திட்டம். 2025 டிசம்பரில் எம்சிபியே லாப நோக்கற்ற லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அமைந்த ஏஜென்டிக் ஏஐ ஃபவுண்டேஷனுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அதே வருடம் மார்ச்சில் ஓப்பன்ஏஐயும் ஏப்ரலில் கூகுள் டீப்மைண்டும் இதை ஏற்பதாகச் சொல்லியிருந்ததால், ஒரு கம்பெனி கையில் இது இருப்பது எப்படியும் நீடித்திருக்காது.

“பதிவேடு வந்துவிட்டதே, இனி ரீட்மி பட்டியல் எதற்கு?” என்று கூட வேலை பார்ப்பவர் கேட்டார். எனக்கு டீமோஸ் ஞாபகம் வந்தது. 1998-இல் தொடங்கி, தன்னார்வலர்கள் கையாலேயே இணையத்தை வகை பிரித்து அடுக்கிய அட்டவணை. தேடுபொறிகள் வளர்ந்ததும் யாருக்கும் வேண்டாததாகி 2017 மார்ச்சில் மூடினார்கள். இந்தப் பட்டியல்களுக்கும் அந்தக் கதி வரலாம். செயலியே பதிவேட்டில் தேடி, வேண்டிய சர்வரைத் தானே பொருத்திக்கொள்ளும் நாள் தூரத்தில் இல்லை. வரட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் ‘அதே கோப்பில் எழுதுகிறதா?’ என்று அன்றைக்கு என்னைக் கேட்டது பதிவேடு இல்லை. சனிக்கிழமை காலையில் காபியோடு உட்கார்ந்த ஓர் ஆள்.

போன மாதம் என் சர்வரின் கிட்ஹப் பக்கத்தில் ஒருவர் ஒரு சிக்கலைப் பதிவு செய்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து போய்க் கனடாவில் இருக்கிறாராம். அவருடைய ஊர்ச்சங்கம் பல வருடம் பாமினியில் அடித்த மலர்கள் முழுக்கக் கையில் இருக்கின்றன. ‘பட்டியலில் பார்த்தேன், நல்லா வேலை செய்யுது அண்ணை, ஆனா ங வார இடம் எல்லாம் பிழையா வருது’ என்று எழுதி மூன்று பக்கம் இணைத்திருந்தார். பார்த்தால், அவர்கள் பயன்படுத்தியது பாமினியிலிருந்து கொஞ்சம் விலகிய ஏதோ ஒரு பழைய எழுத்துரு. இரண்டு மூன்று எழுத்துக்கு இடம் மாறியிருந்தது. ஒரு ராத்திரி உட்கார்ந்து அட்டவணையைத் திருத்தினேன். கூடவே நீண்ட நாளாகத் தள்ளிப்போட்டிருந்த வேறு சில மாற்றங்களையும் செய்து, கோப்பைத் திறக்கும் பகுதியை முழுக்கப் புதிதாக எழுதி, 0.4 என்று எண் போட்டு வெளியிட்டேன்.

பட்டியலில் என் வரி 0.1-இல் எழுதியதுதான். அதை நான் மாற்றவில்லை, மாற்றத் தேவையும் இருக்கவில்லை. என்ன மாற்றினாய் என்று யாரும் கேட்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தபோது நாலைந்து பேர் 0.4-ஐ இறக்கியிருந்தார்கள்.